பி.ஓ.டி. இரண்டாம் வருடம், வார்டு போஸ்டிங் ஆரம்பித்துவிட்டது. எப்படிப் படித்தால் தேறலாம்?

தருமபுரி_மாங்கனி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி (நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் படிப்பு) இரண்டாம் வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. நீட்டில் மார்க் பத்தவில்லை, கவுன்சலிங்கில் இது கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். பிடிக்காமல் இல்லை, பிடித்துத்தான் படிக்கிறேன். ஆனால் அனாட்டமியை உருப்போட்டு எழுதிப் பாஸ் செய்ததோடு சரி, இப்போது யாராவது கையைக் காட்டி "இது எந்த நரம்பு?" என்று கேட்டால் வாய் அடைத்துக்கொள்கிறது.

இந்த மாதம் வார்டு போஸ்டிங் ஆரம்பித்திருக்கிறது. முதல் கேஸ், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட ஒரு அம்மா. கோன்களை எடுத்து அடுக்கச் சொன்னேன், பெக் போர்டு (ஓட்டைகளில் குச்சி செருகும் பலகை) கொடுத்தேன். மேடம் வந்து "இதை ஏன் கொடுத்தாய்?" என்றார்கள். "கை வேலை செய்யணும்னு" என்றேன். "எதுக்கு வேலை செய்யணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அடுத்த வாரம் அதே கேஸை இங்கிலீஷில் பிரசென்ட் செய்ய வேண்டும், அந்தப் பயம் தனி.

படித்து முடித்த அண்ணன்கள், அக்காக்கள், சொல்லித்தரும் மேடம்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உண்மையில் எது உதவியது? "கஷ்டப்பட்டுப் படி" என்பது மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள்.

---

கடைசி_பெஞ்ச்_இன்டர்ன் பதில்:

தங்கச்சி, நானும் தமிழ் வழிதான், இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன், அதனால் இந்த வலி புதிதில்லை. அனாட்டமியை முதல் வருடத்தோடு மூட்டை கட்டி வைத்துவிடாதே. அதுதான் பின்னால் ஆர்த்தோ, நியூரோ, ஹேண்ட் என்று வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். புத்தகத்தில் படித்தால் எனக்கு நிற்கவே நிற்காது. ஹாஸ்டலில் ரூம்மேட்டின் கையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவோம். பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) என்றால் தண்டுவடத்தில் சி5 முதல் டி1 வரை ஐந்து வேர், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, கடைசியில் ஐந்து நரம்பு. கழுத்திலிருந்து அக்குள் வழியாக விரல் வரை வரைந்து, "இந்த இடத்தில் வெட்டுப்பட்டால் இவனால் எதைச் செய்ய முடியாது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். ரேடியல் நரம்பு போனால் மணிக்கட்டு தொங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படித் தொங்கினால் டம்ளரை ஏன் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். மணிக்கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு எதையாவது இறுக்கிப் பிடித்துப் பார், இப்போதே புரியும். விரலை மடக்கும் தசைகள் ஏற்கெனவே தளர்ந்துபோன நீளத்தில் இழுக்கின்றன, அதில் பிடி வராது.

மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரும் அப்படித்தான். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள், பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கும். ஹாஸ்டலில் கிடைத்தவர் முழங்கையை எல்லாம் அள. பேஷன்ட் முன்னால் போய் அச்சை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தால் அவருக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும். தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை கிரேடு போடுவதும் பழக்கத்தில்தான் கைக்கு வரும்.

இங்கிலீஷ் பற்றி. பிரசென்டேஷனுக்கு முன்னால் கேஸை முழுக்கத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பார். தமிழிலேயே தடுமாறினால் சிக்கல் இங்கிலீஷில் இல்லை, கேஸ் உனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். தமிழில் சரளமாக வந்துவிட்டால், டெக்னிக்கல் வார்த்தைகள் எப்படியும் இங்கிலீஷில்தான் இருக்கின்றன, நடுவில் வினைச்சொற்கள்தான் வேண்டும். அவை மொத்தமே ஒரு முப்பது நாற்பது இருக்கும், சீனியர் ரெக்கார்டில் எழுதி வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள். பழைய பல்கலைக்கழகக் கேள்வித்தாள்களையும் கையோடு வாங்கிவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

வேலூர்_வெயில் பதில்:

உங்கள் மேடம் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது, உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். சரி, நான் அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். புனர்வாழ்வு வார்டில் மாணவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

மார்க் நிறைய வாங்குகிற பிள்ளைகள்தான் வார்டிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நன்றாக வருகிற பிள்ளையிடம் ஒரு வேண்டாத பழக்கம் இருக்கும்: யார் எதைச் செய்தாலும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கேன்டீனில் பரோட்டா போடுகிறவர் கையை, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லறை எண்ணுகிற கண்டக்டரை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கிற பெண்ணை. ஆக்டிவிட்டி அனாலிசிஸ் (ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது) என்று பாடத்தில் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள் அல்லவா, அதை நிரப்பி ரெக்கார்டில் ஒட்டுவதோடு பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நம் தொழிலே அதுதான்.

சாம்பார் சாதம் சாப்பிடுவதை எடுத்துக்கொள்வோம். உங்கள் புத்தகத்தில் ஸ்பூன் இருக்கும், ஃபோர்க் இருக்கும், கையால் சாப்பிடுவது இருக்காது. இன்று மெஸ்ஸில் உங்கள் கையையே கவனியுங்கள். சாதத்தைப் பிசையும்போது விரல்கள் அடிமூட்டில் மடங்குகின்றன, நடுமூட்டும் நுனிமூட்டும் ஏறக்குறைய நேராக இருக்கின்றன. அது உள்ளங்கையில் இருக்கிற லம்பிரிக்கல் என்ற சின்னத் தசைகளின் வேலை. பிறகு நான்கு விரலும் ஒட்டிக்கொண்டு ஒரு குழி மாதிரி ஆகிறது, முன்கை மேல்நோக்கித் திரும்புகிறது, முழங்கை மடங்குகிறது, கட்டைவிரல் பின்னாலிருந்து உருண்டையை வாய்க்குள் தள்ளுகிறது. சூடு தெரிய வேண்டும், காயா மிளகாயா என்று விரல் நுனியே சொல்ல வேண்டும். அல்னர் நரம்பும் மீடியன் நரம்பும் சேர்ந்து போன கையில் அந்தக் குழி வராது, விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும், சாதம் இடுக்கு வழியாக ஒழுகிவிடும். லம்பிரிக்கலில் உள்பக்க இரண்டுக்கு அல்னர், வெளிப்பக்க இரண்டுக்கு மீடியன் என்று மனப்பாடம் செய்தீர்களே, அது இங்கேதான் வந்து நிற்கிறது. இப்படி ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்த நரம்பு மறக்குமா?

இப்போது உங்கள் பேஷன்டுக்கு வருகிறேன். வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் இடது கையால் சாப்பிட ஒப்புக்கொண்டாரா? கேட்டீர்களா? நம் ஊரில் நிறையப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கால் கழுவுகிற கை அது. மகளே ஊட்டிவிடட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடுகிற பார்தல் இண்டெக்ஸில் "உணவு" என்ற இடத்தில் 0 போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் கைக்கு முடியாததாலா மனசு ஒப்பாததாலா என்று அந்த 0 சொல்லாது. இடது கையில் ஸ்பூன் கொடுத்தால் சிலர் சரி என்பார்கள், தட்டை நேரடியாகத் தொடவில்லையே என்று. சிலர் அதற்கும் மாட்டார்கள். பக்கெட்டும் மக்கும் வைத்துக் குளிப்பது, இந்திய முறைக் கழிவறையில் உட்கார்ந்து எழுந்திருப்பது, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் மடித்துச் செருகுவது, ஜாக்கெட் கொக்கி, இதெல்லாம் நாமே யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜாக்கெட்டுக்கு ஒன்று சொல்கிறேன்: போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதைப் பேஷன்டிடம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஒரு கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிக்கொண்டு ஒரு நாள் காலை முழுக்க இருந்து பாருங்கள். பல் தேய்ப்பதற்கு பேஸ்ட் மூடியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

"எதுக்கு வேலை செய்யணும்?" என்றால் அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்பதுதான் பதில். அதை அவரிடமே கேட்க வேண்டும். சும்மா "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்றால் "நடக்கணும், கை வரணும்" என்பார்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எழுந்ததும் முதல் வேலை என்ன, அப்புறம்?" என்று ஒரு நாளைக் கேளுங்கள். பால் காய்ச்சுவது, வாசல் தெளிப்பது, பேத்திக்குப் பின்னுவது என்று வரும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கோன் தானாகவே தேவையில்லாமல் போகும், அல்லது எதற்காக என்று தெரிந்து கோன் கொடுப்பீர்கள். பிரசென்டேஷனையும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். இலக்கு எழுதும்போது "கையின் வலிமையைக் கூட்டுதல்" என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன். "இரண்டு வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, இடது கையால், யார் உதவியும் இல்லாமல் ஜாக்கெட் போட்டுக்கொள்வார்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம்.

நான் சொல்வதெல்லாம் வார்டில் நின்றால்தான் கைக்கு வரும். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலக அமைப்பான டபிள்யூ.எஃப்.ஓ.டி. குறைந்தது 1000 மணி நேரக் களப் பயிற்சி வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்று, பாடத்தை ஊரோடு சேர்த்துப் படியுங்கள். தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் செய்ய ஆரம்பித்தது வேலூரில்தான். 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். இடம் மாற்றி வைத்த தசைக்குப் புது வேலையைப் பழக்குவது யார் பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள். இது உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இருக்காது, ஆனால் ஹேண்ட் ரீஹேப் வகுப்பில் உட்காரும்போது தூக்கம் வராது.

---

உப்புக்கண்டம் பதில்:

மேடம் சொல்வதெல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை பிள்ளைகள் தோற்பது இதிலெல்லாம் இல்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து பதினொரு மணிக்கு வார்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவது, ராத்திரி ரெண்டு மணி வரை ரெக்கார்டுக்குப் படம் வரைவது, ஃபீஸ் கட்டவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, இதில்தான். ஒரு நாள் நோட்ஸை அன்றைக்கே எழுதிவிடு, அதுதான் என் முதல் அறிவுரை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து திங்கட்கிழமைப் பேஷன்டை நினைவுபடுத்தி எழுதுவது கதை எழுதுவதுதான், அதைப் படிக்கிற சூப்பர்வைசருக்கும் அது தெரியும்.

அடுத்தது, யாரும் பொதுவில் பேசாதது. சில குழந்தைகள் தெரபி சென்டர்களில் போஸ்டிங் என்ற பெயரில் மாணவர்களிடம் குழந்தைகளைத் தனியாக ஒப்படைத்துவிட்டு, பெற்றோரிடம் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். நான் படித்த காலத்தில் எனக்கும் அது நடந்தது, பெயர் வேண்டாம். சென்சரி இன்டெக்ரேஷன் (புலன்களை ஒருங்கிணைக்கும் பயிற்சி) என்று ஊஞ்சலில் உட்கார வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்பார்கள். அந்த முறையை உருவாக்கிய ஜீன் அயர்ஸ் அம்மையார் சொன்னது அதுவா? எந்தக் குழந்தைக்கு, எந்த அளவு, எப்போது நிறுத்துவது, குழந்தை முகம் வெளுத்தாலோ வேர்த்தாலோ என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் ஊஞ்சலைத் தொடாதே. "மேடம், நீங்கள் ஒரு தடவை செய்து காட்டுங்கள், அடுத்த தடவை நான் செய்யும்போது பாருங்கள்" என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

அந்த 1000 மணி நேரக் கணக்கையும் நீயே தனியாக ஒரு நோட்டில் எழுதி வை, எந்த வார்டு, எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து என்று. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் உன் கல்லூரிப் படிப்பு டபிள்யூ.எஃப்.ஓ.டி. அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார், கடைசி வருடத்தில் இல்லை. இங்கேயே வேலை என்றாலும் நம்மைப் போன்ற துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்துக்குப் பிறகு பதிவு, கவுன்சில் என்று வந்துகொண்டிருக்கிறது, காகிதம் கையில் இருப்பது நல்லது.

அப்புறம் ஒன்று. குழந்தைகள் வார்டிலிருந்து வந்து அழுதால் அதைப் பலவீனம் என்று நினைக்காதே. யாரிடமாவது பேசு. அடுத்த நாள் போ.

---

வேலூர்_வெயில் பதில்:

உப்புக்கண்டம் சொல்வதை மறுக்க மாட்டேன், அந்த மாதிரி சென்டர்கள் இருக்கின்றன. ஆனால் "தோற்பது இதில் இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டுத் தூங்கி நேரத்துக்கு வந்து, நோட்ஸும் எழுதி, கடைசி வருடத்திலும் எல்லாருக்கும் அதே பெக் போர்டைக் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாஸ் ஆகிவிடுவார்கள், அது வேறு.

---

மதுரை_அம்மா_ஒருத்தி பதில்:

நான் தெரபிஸ்ட் இல்லை. என் பையனுக்கு மூளை முடக்குவாதம், கைக்குழந்தையிலிருந்து தெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், மாவட்ட மருத்துவமனை தொடக்ககால இடையீட்டு மையத்தில் தொடங்கி இன்றுவரை. மாணவர்கள் வந்து வந்து போவார்கள். எனக்கு நினைவிருக்கிற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தவர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் என் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு பெண் வந்தாள், அவளுக்கும் இங்கிலீஷ் தடுமாறும் போல, ஆனால் எதைச் செய்தாலும் "அம்மா, இதை ஏன் செய்றேன்னா..." என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். டம்ளரைக் கைப்பிடி உள்ளதாக மாற்றச் சொன்னாள், சாப்பிடும்போது கால் அந்தரத்தில் தொங்காமல் கீழே ஒரு பலகை போடச் சொன்னாள். அந்தப் பலகை போட்டதும் அவன் உட்காருகிற விதமே மாறிவிட்டது, கை தானாக மேசைக்கு வந்தது. ஆறு விதமான வீட்டுப் பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வீட்டில் மாமியார், இன்னொரு குழந்தை, சமையல், இதற்கு நடுவில் ஆறையும் யார் செய்வது? ஒன்று கொடுங்கள், குளிப்பாட்டும்போதோ சட்டை போடும்போதோ சேர்ந்தாற்போல் செய்கிற மாதிரி கொடுங்கள், செய்வோம்.

---

தருமபுரி_மாங்கனி பதில்:

எல்லாருக்கும் நன்றி. மேடம் சொன்னபடி அந்த அம்மாவிடம் நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பூக்கட்டி விற்பவராம்! கேஸ் ஷீட்டில் "இல்லத்தரசி" என்று இருக்கிறது. ஒரு கையால் பூக்கட்ட முடியுமா என்று அவரே என்னைக் கேட்டார். நாளை கொஞ்சம் உதிரி மல்லிகையும் நாரும் வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன், வார்டில் விடுவார்களா தெரியவில்லை. இடது கையால் சாப்பிடுவதற்கும் நீங்கள் சொன்ன மாதிரிதான், மாட்டேன் என்றுவிட்டார்.

இன்னொரு சந்தேகம், தனித் திரி போடவில்லை. ஸ்பிளின்ட் லேப் அடுத்த மாதம். மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கிற காக்கப் ஸ்பிளின்ட் செய்ய வேண்டும். அதற்கான, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் ஷீட் விலை அதிகம், ஒருவருக்கு ஒரு துண்டுதான், வீணாக்கினால் திட்டு விழும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள்.

---

கடைசி_பெஞ்ச்_இன்டர்ன் பதில்:

திட்டு விழும், உண்மைதான். பேப்பரில் பேட்டர்ன் வரைந்து வெட்டிக் கையில் சுற்றிச் சுற்றிப் பார், சரியாக வரும்வரை ஷீட்டைத் தொடாதே. நான் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிப் பழகினேன், பேப்பரைவிட அது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

---

வேலூர்_வெயில் பதில்:

பூவுக்கு வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறுக்க மாட்டார்கள். பக்கத்துப் படுக்கையில் ஆஸ்துமா பேஷன்ட் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் கட்டுவது கஷ்டம், நாரின் ஒரு முனையை எதிலாவது இறுக்கிக் கட்டிவிட்டு, வலது கையை மேசைமேல் நார் நகராமல் அழுத்தி வைக்க மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அந்தக் கைக்கு அவர் வாழ்க்கையில் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆகும்.

ஸ்பிளின்டுக்கு: மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்பக்கம் வளைந்திருக்க வேண்டும். நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளங்கையில் விரலடி ரேகைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் விரல் அடிமூட்டில் முழுக்க மடங்காது, மாணவர்கள் செய்கிற ஸ்பிளின்டில் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். கட்டைவிரல் மேட்டையும் விட்டுவிட்டு வெட்டுங்கள். ஷீட்டை இளக்கத் தண்ணீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ் போதும், எடுத்ததும் துணியால் ஒற்றி, உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அப்புறம் பேஷன்ட் கையில் வையுங்கள். இறுக்கி அமுக்காதீர்கள், விரல் தடம் அப்படியே பதிந்துவிடும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் கழற்றி, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேட்டில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிடத்துக்குள் அது மறையவில்லை என்றால் அந்த இடத்தை மறுபடி சூடாக்கி வெளியே தள்ள வேண்டும். தொழுநோய், சர்க்கரை நோய் என்று உணர்ச்சி குறைந்த கை என்றால் "வலிக்கிறதா?" என்று கேட்டுப் பயனில்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.